டயலைத் துடைக்காதீர்கள்

பழைய கார் ஒன்று கைக்கு வந்ததும் எல்லாருக்கும் முதலில் துடைக்கத்தான் தோன்றும். பெயின்டைத் துடையுங்கள், பம்பரைத் துடையுங்கள். மீட்டரைக் கழற்றி டயலில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். புதுச்சேரி மூலக்குளத்தில் என் பட்டறை மேசைக்கு வரும் ஸ்பீடோமீட்டர்களில் எழுத்து அழிந்தவை நிறைய. அவை ஓடி ஓடித் தேய்ந்தவை அல்ல, யாரோ அக்கறையாக ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தவை. கறுப்புப் பூச்சின் மேல் மெல்லிய மையில் அச்சடித்த எண்கள் அவை. ஓர் இழுப்பில் 40, 50 எல்லாம் பஞ்சோடு வந்துவிடும். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். ஓரம் பழுத்திருந்தால் பழுத்தே இருக்கட்டும். புதிதாக அச்சடித்த டயலை ஒட்டித் தரும்படி கேட்பவர்களிடம் நான் மல்லுக்கு நிற்பேன். டயலுக்குப் பின்னால் இருக்கும் இயந்திரம் சரியாக ஓட வேண்டும், அதற்குத்தான் என் உழைப்பு முழுதும்.

நம் பக்கத்து வண்டி என்றால் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் உருவாகி 1959-ல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டை, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் செய்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோத்தி. அதே ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி, அவரே வடிவம் கொடுத்து, 1962-ல் வந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். நம் சாலைகளில் ஸ்பிட்ஃபயரைக் காண்பது அபூர்வம். ஆனால் ஹெரால்ட் மீட்டரைத் திறந்து பழகிய கைக்கு அதன் மீட்டர் அந்நியமாகத் தெரியாது. ஸ்பிட்ஃபயரில் கூடுதலாக ஆர்பிஎம் மீட்டர் உண்டு. தொடக்க கால வண்டிகளில் அதுவும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமிருந்து வரும் கேபிளில்தான் ஓடும்.

புதுச்சேரியில் உட்கார்ந்து இந்த வேலையைப் பார்ப்பவனுக்கு இன்னொரு சந்தோஷமும் உண்டு. பிரெஞ்சு சித்ரோயன், பெஜோ டயல்களில் யேகர் என்ற பெயரைப் பார்க்கலாம். பாரிஸில் கடிகாரம் செய்த எத்மோன் யேகரின் பெயர் அது. ஆங்கிலேயரின் டிரையம்ப் டிஆர்-3 ஸ்போர்ட்ஸ் காரின் டயலிலும் அதே பெயர்தான் இருக்கும். கார் மீட்டர் கடிகாரக்காரர்கள் வளர்த்த தொழில் என்பது உள்ளே இருக்கும் ஹேர் ஸ்பிரிங்கைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

ஸ்பீடோமீட்டர் வேலை செய்யும் விதம் இதுதான். கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைத் தொடாமல் மூடினாற்போல் ஓர் அலுமினியக் கிண்ணம் நிற்கிறது. அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் சுழலும் காந்தம் கிண்ணத்துக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி, அதையும் தன்னோடு திருப்பப் பார்க்கும். ஹேர் ஸ்பிரிங் அதைத் தடுத்துப் பிடிக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். 1902-ல் ஸ்ட்ராஸ்பர்க்கைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ட்ஸே காப்புரிமை பெற்ற முறை இது. பல பத்தாண்டுகள் உலகமே இதை நம்பித்தான் வண்டி ஓட்டியது.

வயதானால் காந்தத்தின் வலு குறையும், முள் குறைத்துக் காட்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பிரிட்டிஷ் டயலின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். 1000 என்றிருந்தால் ஒரு மைலுக்குக் கேபிள் ஆயிரம் சுற்று சுற்றுகிறது என்று பொருள். 60 மைல் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு ஒரு மைல், அதாவது ஆயிரம் சுற்று. ஆகவே மீட்டர் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று பார்த்து, வேகம் மாற்றக்கூடிய டிரில் மோட்டாரில் பொருத்தி, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றில் ஓட விடுகிறேன். முள் 60-ல் நிற்க வேண்டும். 52-ல் நின்றால் காந்தத்துக்கு மறுபடி முழு வலு ஏற்றி, பிறகு சிறிது சிறிதாகக் குறைத்து 60-க்குக் கொண்டுவர வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் முள்ளைப் பிடுங்கி வேறிடத்தில் குத்திவிடுவார்கள். அப்படிச் செய்தால் 60 சரியாக இருக்கும், 30 தப்பாகிவிடும்.

முள் நடுங்குகிறது என்று வருகிறவர்களிடம் முதலில் கேபிளைத்தான் பார்க்கச் சொல்வேன். கிரீஸ் காய்ந்திருக்கும், அல்லது கேபிள் எங்காவது மடங்கியிருக்கும். புது கிரீஸ் தடவும்போது மேல்முனையில் எட்டு அங்குலத்தைத் துடைத்து விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கிரீஸ் கேபிளோடு சுற்றி ஏறி மீட்டருக்குள்ளேயே போய்விடும்.

பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தாற்போல் பொய் சொன்னால் மீட்டரைத் திறக்கவே வேண்டாம். அறுபதுகளின் நடுவிலிருந்து வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இரண்டுக்கும் ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான். பேட்டரியின் 12 வோல்ட்டை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியாக 10 வோல்ட் ஆக்குவது அதன் வேலை. அதன் எர்த் கெட்டால் இரண்டு முள்ளும் ஏறிக்கொள்ளும். கடல் பக்கத்து ஊரில் உப்புக்காற்று முதலில் தின்பது எர்த் இணைப்புகளைத்தான். உப்புத்தாளால் திருகாணியின் அடியைத் தேய்த்து, தனியாக ஒரு எர்த் வயர் கொடுத்தால் பாதித் தகராறு தீர்ந்தது. பெட்ரோல் முள் மட்டும் தகராறு செய்தால் டேங்கில் இருக்கும் ஃப்ளோட்டைப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. மிகப் பழைய கார்களிலும் விமான மீட்டர்களிலும் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பூச்சைப் பூசியிருப்பார்கள். இப்போது ஒளிராததால் அது செத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஒளி தந்த ரசாயனம்தான் தீர்ந்தது, ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. அதைச் சுரண்டாதீர்கள், அந்தத் தூளை மூச்சில் இழுக்காதீர்கள். அப்படிப்பட்ட மீட்டரை நான் திறப்பதில்லை.

அண்மையில் ஒரு தம்பி ஹெரால்ட் மீட்டரோடு வந்தார். “அண்ணே, கிலோமீட்டரை ஜீரோ பண்ணிடுங்க, புதுசாட்டம் இருக்கும்” என்றார்.

“பல்சக்கரம் ஒடஞ்சிருந்தா மாத்தித் தர்றேன் தம்பி. நம்பரைத் தொட மாட்டேன்.”

“என் வண்டிதானேண்ணே?”

“இன்னிக்கு உன் வண்டி. நாளைக்கு வாங்குறவனுக்கு யாரு பதில் சொல்றது?”

கொஞ்ச நேரம் யோசித்தவர், எண்ணை அப்படியே விடச் சொன்னார். கண்ணாடிக்குப் புது ரப்பர் வளையம் போட்டு, பித்தளை வளையத்தைக் குரோமியம் பூச அனுப்பினேன். மாட்டியபின் வில்லியனூர் வரை ஜிபிஎஸ் வைத்து ஓட்டிப் பார்த்தோம். முள் கொஞ்சம் கூட்டிக் காட்டியது. மேசையில் சரியாக நின்ற முள் சாலையில் கூட்டிக் காட்டினால் டயரைப் பார்க்க வேண்டும். ஹெரால்டின் பழைய அளவு 5.20-13. இவர் வண்டியில் சுற்றளவு குறைந்த ரேடியல் போட்டிருந்தார்கள். ஒரு மைலுக்குச் சக்கரம் அதிகம் சுற்றும், கேபிளும் அதிகம் சுற்றும். மீட்டரைத் திரும்பத் திறக்காமல், டயர் கடைக்குப் போகச் சொல்லி அனுப்பினேன்.