ஹாகிஸுக்கு ஒரு கவிதை: ஸ்காட்லாந்தின் ‘பர்ன்ஸ் விருந்து’ எப்படி நடக்கிறது?

ஜனவரி இறுதியில் எடின்பரோவில் மாலை நான்கரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அந்த நீண்ட குளிர் இரவுகளில் ஒன்றான ஜனவரி 25-ஐ ஸ்காட்லாந்து மக்கள் தங்கள் தேசியக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள் விருந்துக்கு ஒதுக்கியுள்ளனர்.

1759-இல் ஆலோவே கிராமத்தில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்த பர்ன்ஸ், 1796 ஜூலையில் தமது 37-ஆவது வயதில் காலமானார். ஐந்து ஆண்டுகள் கழித்து, அவர் பிறந்த குடிசையில் ஒன்பது பேர் கூடி உணவருந்தியதே முதல் விருந்து. அன்று பரிமாறப்பட்டவை ஹாகிஸும் ஆட்டுத்தலையும். அடுத்த ஆண்டு கிரீனாக் நகரச் சங்கத்தினர் பிறந்தநாள் என்று நம்பி ஜனவரி 29-இல் விருந்து வைத்தனர். பின்னர் தேவாலயப் பதிவேட்டைப் பார்த்த பிறகே தேதி திருத்தப்பட்டது.

விருந்தின் நாயகன் ஹாகிஸ். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகு சேர்த்து, ஆட்டின் இரைப்பையில் அடைத்து வேகவைப்பதே இதன் செய்முறை. தமிழில் இதற்கு நேர்ச்சொல் இல்லை. குடல் கறி சமைக்கும் வீடுகளுக்கு விளக்கமும் தேவையில்லை. ஆட்டின் எந்தப் பகுதியையும் வீணாக்க வசதியில்லாதவர்களின் உணவு இது.

அந்த எளிய உணவைத்தான் ஒரு தலைவனை விளிப்பதுபோல் விளித்து, பிரெஞ்சு பதார்த்தங்களைக் கேலி செய்து பர்ன்ஸ் பாடினார். 1786 டிசம்பரில் எடின்பரோ பத்திரிகை ஒன்றில் அக்கவிதை வெளியானது. 1707-இல் இங்கிலாந்துடன் இணைந்து தனி நாடாளுமன்றத்தை ஸ்காட்லாந்து இழந்திருந்த காலம் அது. எடின்பரோவின் கற்றோர் தங்கள் பேச்சிலிருந்து ஸ்காட்ஸ் சொற்களைக் களைய முயன்றுகொண்டிருந்தனர். பர்ன்ஸோ, களைய நினைத்த அதே மொழியில் எழுதினார். ஸ்காட்ஸ் மொழிக்கு அதிகாரபூர்வத் தகுதி வழங்கும் சட்டம் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் நிறைவேற 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை ஆண்டுதோறும் அம்மொழி தவறாமல் ஒலித்த இடங்களில் இந்தச் சாப்பாட்டு மேசையும் ஒன்று.

வீட்டில் விருந்து வைப்பவர் முதலில் சிறிய நன்றிப் பிரார்த்தனை கூறுவார். தொடர்ந்து சூப் வரும்: கோழியும் லீக் எனும் வெங்காயத்தாள் வகையும் சேர்ந்த ‘காக்-எ-லீக்கி’, அல்லது புகையிட்ட ஹேடாக் மீன், உருளைக்கிழங்கு, பால் கொண்ட ‘கல்லன் ஸ்கிங்க்’. பிறகு அனைவரும் எழுந்து நிற்க, பைப் இசையுடன் ஹாகிஸ் கொண்டுவரப்படும். கவிதையைச் சொல்லிக்கொண்டே உரிய வரியில் கத்தியை இறக்க வேண்டும். உள்ளே அடைபட்ட கொதிநீராவி சீறும் என்பதால், முன்னதாகவே சமையலறையில் சிறு துளையிட்டுவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். மசித்த உருளைக்கிழங்கும் மஞ்சள் டர்னிப்பும் துணை உணவுகள். இறுதியில் வறுத்த ஓட்ஸ், கிரீம், ராஸ்பெர்ரி, தேன், சிறிது விஸ்கி கலந்த ‘கிரானகன்’ இனிப்பு.

சைவ விருந்தினருக்கும் வழி உண்டு. 1984-இல் ஸ்காட்டிஷ் கவிதை நூலகத் திறப்பு விழாவுக்காக மேக்ஸ்வீன் நிறுவனம் பருப்பு, காய்கறி, ஓட்ஸ் கொண்ட சைவ ஹாகிஸைத் தயாரித்தது. இன்று அது கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. மாறாக, ஆட்டு நுரையீரலை உணவாகப் பயன்படுத்த 1971-இல் தடை விதித்த அமெரிக்காவில், மரபான ஹாகிஸுக்கு அனுமதியில்லை.

உணவுக்குப் பின் கவிஞரின் நினைவைப் போற்றும் உரை, பெண்களை வாழ்த்தியும் சீண்டியும் ஓர் ஆண் பேசும் உரை, அதற்குப் பெண் ஒருவர் தரும் பதிலடி என்று நேரம் போகும். பெரும்பாலும் அந்தப் பதிலடிக்கே கைதட்டல் அதிகம். முடிவில் அனைவரும் கைகோத்து ‘ஆல்ட் லாங் சைன்’ பாடுவர். கைகளைக் குறுக்காக மாற்றிக் கோக்க வேண்டியது கடைசிப் பத்தியில் மட்டுமே. அந்த மெட்டு இந்தியாவுக்கும் புதிதல்ல. ரவீந்திரநாத் தாகூரின் ‘புரானோ ஷேய் தினேர் கதா’ என்ற வங்கப் பாடல் அதைத் தழுவியதே.