ஜாங்கோ பழக ஒரு வரியை மாற்றுங்கள்

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பதிந்துவைக்க ஒரு சிறு இணையதளம் செய்வதாக வைத்துக்கொள்வோம். கப்பலின் பெயர், சரக்கு, வந்துசேரும் நேரம் ஆகிய மூன்றும் போதும். பைத்தான் மொழியில் அமைந்த ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கைப் பழக நல்ல பயிற்சி இது.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலச் செய்தித்தாள் ஒன்றின் அலுவலகத்தில் ஆட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் உருவாக்கிய ஜாங்கோ, 2005இல் பொதுவெளிக்கு வந்தது. உள்நுழைவு, தரவுத்தள இணைப்பு, நிர்வாகப் பக்கம் எல்லாம் அதில் ஆயத்தமாக இருக்கின்றன. அதனாலேயே எது எங்கே நடக்கிறது என்பது புதியவர்களுக்குப் பிடிபடுவதில்லை. அதைப் பிடித்துக்கொள்ள 'செட்டிங்ஸ்' கோப்பு உதவும். ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். என்ன நடக்கும் என்று முதலில் எழுதிவைத்துவிட்டு, பிறகு ஓட்டிப் பாருங்கள்.

மொழிக் குறியீட்டைத் தமிழுக்கு மாற்றினால் நிர்வாகப் பக்கம் தமிழில் வரும். மொழிபெயர்க்கப்படாத சொற்கள் ஆங்கிலத்திலேயே நிற்கும். பக்கத்தின் சொற்கள் தனி மொழிக்கோப்பிலிருந்து எடுக்கப்படுகின்றன என்பது அப்போது விளங்கும்.

அடுத்தது 'டைம் ஜோன்'. அதில் 'ஆசியா/கொல்கத்தா' என்று வைத்து, ஆகஸ்ட் 15 அதிகாலை 4 மணிக்கு ஒரு கப்பல் வந்ததாகப் பதியுங்கள். பிறகு அந்த வரியை 'யூடிசி' (உலகப் பொது நேரம்) ஆக்குங்கள். கப்பல் ஆகஸ்ட் 14 இரவு 10.30க்கே வந்துவிட்டதாகத் திரை காட்டும். தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தால், இரண்டு முறையும் அங்கே இருப்பது அதே 22:30தான். ஜாங்கோ நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. காட்டும்போதுதான் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுகிறது. நாள்வாரிக் கப்பல் கணக்கு ஏன் பிசகும் என்பது இந்த ஒரு சோதனையில் தெளிவாகிவிடும்.

பிழைதேடும் நிலையைக் குறிக்கும் 'டீபக்' வரியை 'ஃபால்ஸ்' என்று மாற்றினால் சர்வர் கிளம்பவே மறுக்கும். எந்த முகவரிகளில் இயங்கலாம் என்ற அனுமதிப் பட்டியலைக் கேட்கும். அதைக் கொடுத்ததும் பக்கம் வரும், ஆனால் நிறமும் வடிவமும் இருக்காது. வடிவக் கோப்புகளை அனுப்பும் வேலையை நிஜத் தளங்களில் என்ஜின்எக்ஸ் போன்ற வேறொரு சர்வர் செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள்.

இச்சோதனைகளை உங்கள் கணினியில் மட்டும் செய்யுங்கள்; மக்கள் பயன்படுத்தும் தளத்தில் கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு 'கிட்' என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு பிரதி சேமித்தால் அச்சமின்றித் திரும்பலாம். அடுத்து, ஒவ்வொரு கோரிக்கையும் கடந்துசெல்லும் 'மிடில்வேர்' பட்டியலில் பயனரை அடையாளம் காணும் வரியை நீக்குங்கள். அது இல்லாமல் நிர்வாகப் பக்கம் இயங்காது என்று ஜாங்கோ பெயர் சொல்லியே நிறுத்தும். எந்த உறுப்பு எதை நம்பி நிற்கிறது என்று அறிய அந்தப் பிழைச்செய்தியை நிதானமாகப் படித்தால் போதும்.