விருந்தினரால் உயிர்பெற்ற கமவீடுகள்

இத்தாலியின் நடுப்பகுதியிலுள்ள தஸ்கனிக் குன்றுகளிடையே விடுமுறையைக் கழிப்போர் இன்று பலர். கமவீடொன்றில் தங்கி, பகலில் வீட்டுத் தலைவியிடம் சமையல் பயின்று, மாலையில் கியான்தி என்னும் செந்நிறத் திராட்சை மதுவைச் சுவைத்து மகிழ்கின்றனர். இவ்வின்பம் ஒரு துன்பத்தின் வழியே பிறந்தது என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே.

முன்னாளில் அங்கே விளைவிற் பாதியை நிலவுடைமையாளருக்கு அளிக்கும் வாரக்குடி முறை நிலவியது. வறுமை தாளாத குடிகள் நகரத்துத் தொழிற்சாலைகளை நாடிச் சென்றனர்; கல்வீடுகள் பாழடைந்தன. 1964ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடைசெய்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டமோ, கமக்காரர் தம் வீட்டில் விருந்தினரை ஏற்றுப் பொருளீட்ட வழிவகுத்தது. ஆயினும் கமத்தொழிலே முதன்மையாதல் வேண்டும், விருந்தோம்பல் அதற்குத் துணையாதல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

அங்கே கற்பிக்கப்படும் உணவுகளுள் ஒன்று ரிபொல்லிதா. அவரை விதையும் கருநிறக் கோவா இலையும் இட்ட காய்கறிச் சாற்றிலே பழைய ரொட்டியைச் சேர்த்து, மறுநாள் மீண்டும் கொதிக்க வைப்பர். ‘மீண்டும் கொதித்தது’ என்பதே அப்பெயரின் பொருள். உணவை வீணாக்க இயலாத ஏழைகளின் சிக்கனத்தை இன்று செல்வர் பணங்கொடுத்துக் கற்கின்றனர்.

அப்பணம் திராட்சைக் கொடியைப் பேணும் கைகளைச் சேர்தல் வேண்டும். உழுவோர் அகன்ற பின், விருந்துண்டு, ஊர் ஏது?