ரம்பத்துக்கு முன் தலைக்கவசம்

மரம் வெட்டுவதையும் கிளை கழிப்பதையும் தொழிலாகத் தொடங்க நினைப்பவர் முதலில் விலை விசாரிப்பது பெரும்பாலும் இயந்திர ரம்பத்தைத்தான். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகை மாவட்டங்களிலும் மரங்களைச் சாய்த்தபோது அந்த ரம்பத்தின் பயன் எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிந்தது. ஆனால் சாய்ந்து வளைந்து கிடக்கும் மரம் இழுத்துப் பூட்டிய வில்லைப் போன்றது என்பதும், தவறான பக்கத்தில் அறுத்தால் அது அறுப்பவர் மீதே எகிறும் என்பதும் அந்த அளவுக்குத் தெரியவில்லை. பொருள்களை வாங்கும் வரிசையே இத்தொழிலைக் கற்கும் வரிசையாகவும் அமைந்துவிடுவதால், உடலைக் காக்கும் கவசம் முதலிலும், கைக்கருவி அடுத்தும், கயிறு அதற்கடுத்தும், இயந்திர ரம்பம் கடைசியிலும் வருவதே முறை.

தலைக்கவசத்தில் கவனிக்க வேண்டியது அதன் நிறமோ கனமோ அன்று, தாடைப்பட்டைதான். கட்டட வேலைக்கு அணியும் தொழிலகத் தலைக்கவசத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 2925. அதற்கு இணையான ஐரோப்பியத் தரநிலை இஎன் 397. பட்டை எதிலேனும் சிக்கினால் கழுத்தை நெரித்துவிடக் கூடாது என்பதற்காக, சுமார் 15 முதல் 25 கிலோ இழுப்பிலேயே அது விடுபட வேண்டும் என்று இந்த ஐரோப்பியத் தரநிலை வகுத்துள்ளது. மலையேறுவோருக்கான இஎன் 12492 இதற்கு நேர்மாறானது: விழும்போது கவசம் தலையை விட்டுக் கழன்றுவிடக் கூடாது என்பதால், அதன் பட்டை ஏறத்தாழ 50 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். ஆகவே தரையில் நிற்பவருக்கு முதல் வகையும், மரத்தில் ஏறுபவருக்கு இரண்டாம் வகையும் பொருந்தும். இரண்டையும் ஒன்றென்று விற்கும் கடைக்காரரிடம் தரநிலை எண்ணைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

காதுக்குக் கவசம் தேவை என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்றும் தொழில்நல வல்லுநர்கள் கணக்கிடுகின்றனர். இதன்படி 100 டெசிபலுக்குக் கால் மணி நேரமே எல்லை. பெட்ரோல் ரம்பத்தின் ஓசையோ பெரும்பாலும் அந்த அளவையும் தாண்டுகிறது. கண்ணுக்கு வலைத்திரை போதும் என்று கருதுவோர் உண்டு; ஆனால் தூளாகப் பறக்கும் மரத்துகள் வலையின் கண்களில் நுழைந்துவிடுவதால், அதனுள்ளே கண்ணாடியும் அணிய வேண்டும்.

கவசக் காற்சட்டையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது ரம்பத்தால் அறுக்க முடியாத துணி அன்று. மேல்துணிக்கு அடியில் நீண்ட இழைகள் பல அடுக்குகளாகத் தளர்வாக வைக்கப்பட்டிருக்கும். ரம்பத்தின் சங்கிலி மேல்துணியைக் கிழித்ததும் இந்த இழைகள் வெளியே இழுபட்டுச் சங்கிலியோடு ஓடி, அதைச் சுழற்றும் பற்சக்கரத்தில் சுற்றி ரம்பத்தையே நிறுத்திவிடும். சங்கிலியின் வேகம் நொடிக்கு 20 மீட்டர், 24 மீட்டர், 28 மீட்டர் எனக் கூடக்கூட, அதை நிறுத்தவல்ல கவசம் முறையே 1, 2, 3ஆம் வகுப்பாகப் பிரிக்கப்படுகிறது. காலின் முன்புறம் மட்டும் காக்கும் காற்சட்டை தரையில் அறுப்பவருக்குப் போதும். மரத்தின் மேல் ரம்பம் எந்தத் திசையிலிருந்தும் காலைத் தொடலாம் என்பதால், ஏறுபவருக்குச் சுற்றிலும் காப்பு உள்ளதே தேவை. ஒருமுறை வெட்டுப்பட்டு இழை வெளிவந்த காற்சட்டையைத் தைத்து மீண்டும் அணியக் கூடாது. வெயிலில் இதை அணிந்து வேலை செய்ய முடியாது என்ற முறையீடு நியாயமானதே. அதற்குத் தீர்வு, முன்புறத்தில் மட்டும் கட்டிக்கொள்ளும் கால்மறைப்பும் காலை நேர வேலையுமே ஒழிய, மடித்துக் கட்டிய கைலி அன்று.

கைக்கருவிகளில் அரிவாளைவிட வளைந்த இழுப்பு ரம்பமே தொடக்கநிலையினருக்கு ஏற்றது. அரிவாள் ஓங்கி வீசப்படுவது. வீச்சு தவறினால் ஏறியவர் தம்மைத் தாங்கும் கயிற்றையே வெட்டிக்கொள்ள நேரும். மரத்துக்கும் அது நல்லதன்று. கிளை தண்டோடு சேருமிடத்தில் கழுத்துப்பட்டைபோல் சற்றுப் புடைத்திருக்கும் பகுதியைச் சிதைத்தால் வெட்டுக்காயம் எளிதில் மூடாது என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ விளக்கிக் காட்டினார். மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிப் பிரித்து வைக்கிறது என்பதே அவரது கண்டறிவின் சாரம். காலில் மாட்டும் இரும்பு முள்ளைக் கழிப்பு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே: ஒவ்வொரு குத்தும் உயிருள்ள மரத்துக்கு ஒரு காயம். அடியோடு வெட்டப்போகும் மரத்தில் மட்டுமே அதற்கு இடமுண்டு.

ஏறும் கயிறு 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமனில், அதிகம் நீளாத பின்னலாக, இரண்டு டன்னுக்கு மேல் தாங்குவதாக இருக்க வேண்டும். தேங்காய் நார்க் கயிறோ, லாரியில் சுமை கட்டும் நைலான் கயிறோ அதற்கு ஈடாகாது. கிளையை இறக்கப் பயன்பட்ட கயிற்றில் ஆள் ஏறவும் கூடாது. 1931இல் ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் விளக்கிய, எடை ஏறினால் இறுகி, எடை நீங்கினால் நகரும் உராய்வு முடிச்சின் வழிவந்தவையே இன்றும் மரமேறுவோரைத் தாங்குகின்றன. அறுக்கும் வேளையில் ஏறும் கயிற்றோடு எஃகு உள்ளீடு கொண்ட இரண்டாம் கயிறு ஒன்றும் மரத்தைச் சுற்றியிருக்க வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டிக்கொள்ளும் கச்சை விழும்போது முதுகெலும்பையும் வயிற்றையும் தாக்குவதால், தொடைகளையும் தாங்கும் இருக்கைக் கச்சையே வேண்டும். அதில் அசைவற்றுத் தொங்குபவரின் கால்களில் சிறிது நேரத்திலேயே இரத்தம் தேங்கும் என்பதால், அவரை இறக்கத் தெரிந்த இன்னொருவர் தரையில் இல்லாத நாளில் ஏறாதிருப்பதே சரி.

இவற்றுக்கெல்லாம் பின்னரே இயந்திர ரம்பம். பின்கைப்பிடியும் 14 அல்லது 16 அங்குல அலகும் கொண்ட சிறிய ரம்பம் தரை வேலைக்குப் போதுமானது. மேல்கைப்பிடி ரம்பம் இலேசாக இருப்பதாலேயே ஒற்றைக் கையால் பிடிக்கத் தூண்டுகிறது என்பதால், அது பயிற்சி பெற்றவருக்கு மட்டுமே உரியது. அலகு முனையின் மேற்பகுதி மரத்தில் பட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எழும்பும், இதுவே பின்னுதைப்பு. சங்கிலியை அக்கணமே நிறுத்தும் தடுப்பு வேலை செய்கிறதா என்பதை ஒவ்வொரு நாளும் அறுக்கத் தொடங்குமுன் பார்க்க வேண்டும்.

மின்கம்பியை ஒட்டிய மரத்துக்கு மேற்சொன்ன எந்தக் கவசமும் பயன்படாது. பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினிய ஏணியும் துரட்டியும் அதைவிட நன்றாகக் கடத்தும். தமிழ்நாட்டில் அத்தகைய மரம் எதிர்ப்பட்டால், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987இல் தெரிவித்து, மின்சாரம் நிறுத்தப்பட்டதை ஊழியர் வந்து உறுதிசெய்யும்வரை மரத்தில் கை வைக்காதீர்கள்.