உலகம் கூடும் கடற்கரை

கடற்கரை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மணலும் அலையும், சுண்டலும் பட்டமும், விடுமுறை நாள்களுந்தாம். ஆனால் உலகின் சில கடற்கரை நகரங்களுக்கு வேறொரு முகமும் உண்டு. அங்கே உல்லாசப் பயணிகளோடு, கைப்பெட்டியுடன் வரும் வணிகர்களும், கோப்புகளுடன் வரும் அமைச்சர்களும், ஆய்வுக் கட்டுரைகளுடன் வரும் மருத்துவர்களும் வந்து இறங்குகிறார்கள். பகலெல்லாம் மாநாட்டு மண்டபம். மாலையில் சற்று நேரம் கடற்காற்று. இவ்வாறு மாநாடுகளால் பெயர்பெற்ற நகரங்களுள் ஒன்றுதான் தென்னாப்பிரிக்காவின் டர்பன். அந்நகருக்கும் தமிழர்களாகிய நமக்கும் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உறவு உண்டு. ஆதலால் அதனைப் பற்றி அறிந்துகொள்வது நமக்குப் பயனுள்ளதாகும்.

இடமும் பெயரும்

டர்பன், தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இந்தியப் பெருங்கடலை நோக்கி அமைந்துள்ள துறைமுக நகரம். குவாசுலு-நேட்டால் மாகாணத்தைச் சேர்ந்தது. பெயரைக் கேட்டவுடன் தலைப்பாகையை நினைத்துக்கொள்ள வேண்டாம்! கேப் காலனியின் ஆளுநராயிருந்த சர் பெஞ்சமின் டர்பன் என்பவரின் பெயரை, ஆங்கிலேயக் குடியேறிகள் 1835-இல் இவ்வூருக்கு இட்டனர். சுலு மக்கள் தம் மொழியில் இதனை எத்தெக்வினி என்பர். வளைகுடா உள்ள இடம் என்பது அதன் பொருள்.

அகுல்லாஸ் என்னும் வெப்ப நீரோட்டம் வடக்கேயிருந்து இக்கரையோரமாக ஓடி வருகிறது. அதனால் குளிர்காலத்திலும் இங்குக் கடல்நீர் இதமாகவே இருக்கும். நகரின் நீண்ட கடற்கரைச் சாலையைப் ‘பொன் மைல்’ என்று அழைக்கிறார்கள். இக்கடலில் சுறாமீன்கள் உண்டு. ஆகவே 1952 முதல் குளிக்கும் இடங்களுக்கு அப்பால் கடலில் சுறா வலைகளைக் கட்டிவைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

மாநாடுகள் ஏன் வேண்டும்?

அழகிய கடற்கரை இருக்கிறது. மக்கள் விடுமுறைக்கு வருகிறார்கள். அது போதாதா என்று தோழியர் கேட்கலாம். போதாது என்பதற்குக் காரணம் உண்டு.

தென்னாப்பிரிக்கா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால், நமக்கு மார்கழிப் பனி கொட்டும்போது அங்கே கோடைக்காலம். டிசம்பரிலும் ஜனவரியிலும் உள்நாட்டுக் குடும்பங்கள் டர்பனில் வந்து குவிகின்றன. ஓட்டல்களில் இடம் கிடைப்பது அரிது. விடுமுறை முடிந்ததும் கூட்டம் கரைந்துவிடும். ஆனால் ஓட்டலுக்குச் செலவு கரைவதில்லை. அறையைத் துடைப்பவர், சமையற்காரர், காவலாளி ஆகிய அனைவருக்கும் மாதந்தோறும் சம்பளம் வேண்டும். கடையில் இன்று விற்காத அரிசியை நாளை விற்கலாம். இன்றிரவு காலியாயிருந்த அறையை எவராலும் நாளை விற்க முடியாது. ஆகவே கூட்டம் குறைந்த மாதங்களில் தற்காலிகப் பணியாளர்களே முதலில் வேலை இழக்கின்றனர்.

இக்குறையை மாநாடுகள் நிரப்புகின்றன. மாநாட்டின் தேதி முன்கூட்டியே, பெரிய மாநாடானால் ஆண்டுக்கணக்கில் முன்னரே முடிவாகிவிடும். வருபவர்கள் பள்ளி விடுமுறையை எதிர்பார்ப்பதில்லை. டர்பனில் நடந்த பெருங்கூட்டங்கள் பலவற்றின் மாதங்களைப் பாருங்கள்: 2000 ஜூலை, 2001 ஆகஸ்டு-செப்டம்பர், 2002 ஜூலை, 2003 செப்டம்பர், 2011 ஜூலை. கோடை விடுமுறைக் கூட்டம் இல்லாத காலம்! ஆப்பிரிக்காவின் பெரிய சுற்றுலாத் தொழிற் கண்காட்சியான ‘இண்டாபா’வும் டர்பனில் மே மாதத்தில் நடைபெற்று வருகிறது. அங்குக் குளிர்காலப் பகலும் மிதமான வெப்பத்துடன் இருப்பதால் விருந்தினர்க்குத் துன்பமில்லை.

இத்துடன் வேறு வசதிகளும் தேவை. ஆயிரக்கணக்கானோர் அமரும் மண்டபம், நடந்துசெல்லும் தொலைவில் தங்கும் அறைகள், ஒரே நேரத்தில் பல மொழிகளில் பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் கூண்டுகள், நல்ல விமான நிலையம் ஆகியவை வேண்டும். டர்பனில் பெரிய விமானங்களும் இறங்கத்தக்க கிங் ஷாகா விமான நிலையம் 2010 மே மாதம் திறக்கப்பட்டது.

உலகம் வராத காலம்

வசதிகள் மட்டும் இருந்தால் உலகம் வந்துவிடுமா? வராது என்பதை டர்பனின் வரலாறே நமக்குக் கற்பிக்கிறது.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்தது. அதில் சுமார் 340 பேர் இருந்தனர். கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் ஆகிய மூவகையினரும் அவர்களில் இருந்தனர். அதன் பின் அரை நூற்றாண்டுக் காலம் கப்பல்கள் தொடர்ந்து சென்றன. 1893-இல் அங்கு வழக்கறிஞராக வந்த காந்தியடிகளை நாடி, முதலாளியால் அடிபட்டு இரத்தம் ஒழுக வந்த பாலசுந்தரம் ஒரு தமிழரே. 1894-இல் டர்பனில் நேட்டால் இந்திய காங்கிரஸ் தோன்றியது.

அந்நாட்டில் நிறவெறி ஆட்சி 1948-இல் சட்டமாக உருவெடுக்கத் தொடங்கியது. பொது இடங்களை இனவாரியாகப் பிரிக்கும் சட்டம் 1953-இல் வந்தது. கடற்கரையும் தப்பவில்லை. நல்ல மணற்பரப்பு வெள்ளையர்க்கு. இந்தியர்க்கு ஒரு துண்டு. ஆப்பிரிக்கர்க்கு வேறொரு துண்டு. இன்ன இடம் வெள்ளையர் மட்டுமே குளிப்பதற்குரியது என்று ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், சுலு ஆகிய மும்மொழிகளில் பலகைகள் நின்றன. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குழந்தை, தன் ஊர்க் கடலில் விரும்பிய இடத்தில் கால் நனைக்க முடியாது. கடல் இறைவனின் படைப்பு. அதற்கும் வேலி போட்டான் மனிதன்!

இத்தகைய நாட்டோடு கூடியிருக்க உலகம் மறுத்தது. தென்னாப்பிரிக்கா 1961-இல் காமன்வெல்த்தை விட்டு விலகியது. 1974-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அந்நாட்டுப் பிரதிநிதிகள் கலந்துகொள்ளத் தடை விதித்தது. கடற்கரையும் ஓட்டல்களும் இருந்தும், மக்களின் உரிமை பற்றிப் பேசும் உலக மாநாடு அங்கே கூட இயலாமற்போயிற்று.

1989-இல் மக்கள் தடைசெய்யப்பட்ட கடற்கரைகளுக்குள் கூட்டமாகச் சென்று, அமைதியான முறையில் சட்டத்தை மீறினர். அவ்வாண்டு நவம்பர் 16 அன்று, கடற்கரைகள் அனைவருக்கும் திறக்கப்படும் என்று குடியரசுத் தலைவர் டி கிளார்க் அறிவித்தார். ட்ரூரோ கப்பல் வந்த அதே தேதி! இடையில் 129 ஆண்டுகள் சென்றிருந்தன. 1994 ஏப்ரல் 27-இல் நெல்சன் மண்டேலா தம் வாழ்நாளின் முதல் தேர்தல் வாக்கை அளித்தது, டர்பனை அடுத்த இனாண்டாவிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில்தான்.

மண்டபம் எழுந்தது

மூன்றே ஆண்டுகளில், 1997 ஆகஸ்டில், டர்பன் பன்னாட்டு மாநாட்டு மையத்தை மண்டேலா திறந்துவைத்தார். தென்னாப்பிரிக்காவில் இவ்வகையில் அமைந்த முதல் மையம் இதுவே. பழைய மத்தியச் சிறைச்சாலையின் சுவரொன்று இதன் அருகே இன்னும் நிற்கிறது. அதில் மனித உரிமைகளைக் குறிக்கும் ஓவியங்கள் தீட்டப்பட்டன. சிறைச்சுவரின் பக்கத்தில் உலகம் கூடிப் பேசும் மண்டபம்! காலம் செய்த மாற்றம் எத்துணை வியப்புக்குரியது!

1998-இல் அணிசேரா நாடுகளின் மாநாடும், 1999-இல் காமன்வெல்த் தலைவர்கள் மாநாடும் டர்பனில் நடைபெற்றன. அங்கிருந்து விலகிய நாடே இப்பொழுது விருந்தளித்தது. 2002 ஜூலையில் ஆப்பிரிக்க ஒன்றியம் இந்நகரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது.

மண்டபத்தில் எழுந்த குரல்கள்

மாநாடு என்றால் பேசிக் கலைவதுதானே என்று சிலர் எண்ணுவர். டர்பனில் நடந்த மூன்று கூட்டங்களைக் குறிப்பிட விரும்புகிறோம்.

முதலாவது, 2000 ஜூலையில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாடு. 12,000-க்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். தொடக்க நாளன்று அறிஞர்கள் முன்னிலையில் ஒரு சிறுவன் பேசினான். அவன் பெயர் நிகோசி ஜான்சன், வயது 11. எங்களைவிட நான்கு வயது இளையவன். பிறக்கும்போதே அந்நோய்க் கிருமி அவன் உடலில் இருந்தது. அதன் காரணமாகப் பள்ளியில் சேர்க்கத் தயங்கப்பட்டவன். கருவுற்ற தாய்மார்களுக்கு மருந்து கொடுங்கள், எங்களைக் கண்டு அஞ்சாதீர்கள் என்பதே அவன் வேண்டுகோளின் சாரம். அடுத்த ஆண்டு ஜூன் முதல் நாள் அவன் மறைந்தான். 2002 ஜூலையில், தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் தொற்றாமல் தடுக்கும் மருந்தை அரசு மருத்துவமனைகளில் வழங்க வேண்டும் என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக வழக்காடிய மக்கள் பலர். அவர்கள் கேட்டதையே உலகறியக் கேட்டது அந்தப் பிஞ்சுக் குரல்.

இரண்டாவது, 2001-இல் ஐக்கிய நாடுகள் கூட்டிய இனவெறி எதிர்ப்பு மாநாடு. அடிமை வாணிபம் மனித குலத்திற்கு எதிரான குற்றம் என்று அது அறிவித்தது. கருத்து வேறுபாட்டால் அமெரிக்காவும் இஸ்ரேலும் இடையிலேயே வெளியேறின. சாதிப் பாகுபாட்டையும் சேர்க்க வேண்டும் என்று இந்தியாவிலிருந்து சென்ற தலித் அமைப்புகள் வாதாடின. இந்திய அரசு அதற்கு உடன்படவில்லை. முடிவறிக்கையில் சாதி என்ற சொல் இடம்பெறவில்லை. ஆயினும் அக்கேள்வி உலகின் காதில் விழுந்துவிட்டது.

மூன்றாவது, 2011-இல் நடந்த பருவநிலை மாநாடு. டிசம்பர் 9-இல் முடிய வேண்டிய கூட்டம் உடன்பாடு காணாமல் 11-ஆம் நாள் விடியும்வரை நீண்டது. இந்தியாவின் சார்பில் வாதிட்டவர் சென்னையில் பிறந்த அமைச்சர் ஜெயந்தி நடராஜன். ஏழை நாடுகளின் நியாயத்தை விட்டுவிடலாகாது என்பது அவர் வாதம். தலைமை வகித்த தென்னாப்பிரிக்க அமைச்சரும் ஒரு பெண்மணியே. ஐரோப்பியத் தரப்பில் பேசியவரும் பெண்மணியே. அரங்கின் நடுவில் நின்றபடியே கலந்துபேசி ஒரு சொற்றொடரில் உடன்பட்டனர். அதன் வழியே தொடங்கிய பேச்சுதான் 2015-இல் பாரிஸ் உடன்பாடாக முடிந்தது.

மண்டபத்திற்கு வெளியே

மாநாட்டால் வரும் பணம் ஓட்டல் முதலாளியோடு நின்றுவிடாமல், துணி வெளுப்பவர், வாடகைக் கார் ஓட்டுபவர், அச்சகத்தார், மீன் விற்பவர் எனப் பலர் கைக்கும் செல்ல வேண்டும். ஆனால் எல்லோருக்கும் அது எட்டுவதில்லை. டர்பனில் வேலையற்றோரும் வீடற்றோரும் இன்றும் பலர் உள்ளனர்.

அவர்களுக்காகக் கதவு திறந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. சந்தைக்கு அருகிலுள்ள இம்மானுவேல் பேராலயத்தின் பக்கத்தில் டெனிஸ் ஹர்லி மையம் 2015-இல் திறக்கப்பட்டது. வீடற்றோர்க்கும் அகதிகளுக்கும் அங்கே உணவும் மருத்துவமும் அளிக்கிறார்கள். பேராயர் ஹர்லி 1947-இல் தமது 31-ஆம் வயதில் ஆயராகி, 1992 வரை டர்பன் மறைமாவட்டத்தை வழிநடத்தியவர். நிறவெறியை அஞ்சாது எதிர்த்தவர். அரசு அவர்மீது வழக்கும் தொடுத்தது. 1985-இல் அவ்வழக்குக் கைவிடப்பட்டது.

2022 ஏப்ரலில் பெய்த பெருமழையில் டர்பன் உள்ளிட்ட குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கழிவுநீர் நிலையங்கள் சிதைந்து அழுக்கு கடலில் கலந்ததால், கடற்கரைகள் பலவற்றை மூட வேண்டியதாயிற்று. பருவநிலை பற்றி உலகம் கூடிப் பேசிய ஊரே வெள்ளத்தில் தவித்தது. பேசியதைச் செய்யாவிடில் மண்டபத்தின் சுவர்கள் நம்மைக் காக்கமாட்டா.

நாம் அறிவது

அருமைத் தோழியரே! டர்பனில் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாக 1941-இல் பிறந்தவர் நவநீதம் பிள்ளை. தமிழ் வழிவந்த குடும்பம். கடற்கரையில் தடுப்புப் பலகைகள் இருந்த காலத்தில் வளர்ந்தவர். 1967-இல் நேட்டாலில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் தொடங்கிய, வெள்ளையரல்லாத முதல் பெண்மணி அவரே. பின்னர் 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையராக விளங்கினார். டர்பனில் எழுதப்பட்ட இனவெறி எதிர்ப்பு அறிக்கை எவ்வளவு நிறைவேறியது என்று 2009-இல் ஜெனீவாவில் உலக நாடுகள் ஆராய்ந்தபோது, அப்பணியை முன்னின்று நடத்தியவரும் அவரே.

ஆகவே, ஒரு நகரை உலகம் தேடி வருவதற்கு மணலும் மண்டபமும் மட்டும் போதா. தன் மக்கள் அனைவரையும் முதலில் தன் கரையில் நடக்கவிட்ட பின்புதான் டர்பன் உலகை வரவேற்கும் தகுதி பெற்றது. நம் வீட்டுக்கும், நம் வகுப்புக்கும், நம் ஊருக்கும் இது பொருந்தும் அல்லவா? யாரையும் வெளியே நிறுத்தாத வாசலுக்கே விருந்தினர் மகிழ்ந்து வருவர். அத்தகைய வாசல்களை அமைக்க, கற்கும் இந்நாளிலேயே நாம் உறுதி கொள்வோமாக!