மாட்டைக் கொடுத்து டிராகன் வாங்கிய கதை

போன ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், என் பத்து வயசுப் பெண் டேப்லெட்டும் கையுமாக ஓடி வந்தாள்.

“அம்மா, என் மாட்டைக் கொடுத்துட்டு டிராகன் வாங்கிட்டேன்! மாடு வெறும் ‘ரேர்’தான், டிராகன் ‘லெஜண்டரி’!”

“சமர்த்துடீ” என்று சொல்லிவிட்டு உப்புப் பார்க்கப் போய்விட்டேன். மறுநாள் அவள் பெரியம்மா பிள்ளை வந்தான். அந்த மாட்டை ஆசையாகக் கொடுத்தவனே அவன்தான். விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். அப்புறம் என்ன, ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை குழந்தைக்கு.

நிஜ மாடு இல்லை, பயந்துவிடாதீர்கள். ரோப்லாக்ஸில் ‘அடாப்ட் மீ’ என்று ஒரு விளையாட்டு. 2019-இல் அதில் செல்லப்பிராணிகள் வந்தன. முட்டை வாங்கிப் பொரிக்க வேண்டும். வருகிற பிராணிக்குக் காமன், அன்காமன், ரேர், அல்ட்ரா ரேர், லெஜண்டரி என்று ஐந்தில் ஒரு முத்திரை இருக்கும்.

பையனை உட்கார வைத்து விவரம் கேட்டேன். முட்டையில் அது வருவது எவ்வளவு அபூர்வம் என்பதைத்தான் முத்திரை சொல்லுமாம். மலிவான ‘க்ராக்ட்’ முட்டையில் லெஜண்டரி வர 1.5 சதவீத வாய்ப்பு. ‘ராயல்’ முட்டையில் 8 சதவீதம். சந்தையில் அதற்கு என்ன மதிப்பு என்பது வேறு கதை. என் பெண் வாங்கிய டிராகன் இந்தச் சாதாரண முட்டைகளில் வருவது. மாடு வந்த ‘ஃபார்ம்’ முட்டையோ 2020 தொடக்கத்திலேயே கடையை விட்டுப் போய்விட்டது. இருக்கிறவர்களிடம் கேட்டு வாங்கினால்தான் உண்டு. நெய்வதை நிறுத்திவிட்ட பழைய பட்டுப்புடவைக்கு நாம் அலைவதில்லையா, அந்த மாதிரி!

2019 ஹாலோவீனுக்கு 1000 ரோபக்ஸுக்கு விற்ற ‘ஷேடோ டிராகன்’ மேலேயும் லெஜண்டரி என்றுதான் போட்டிருக்கும். அதற்கும் இவள் டிராகனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஒரே வகையில் முழுக்க வளர்ந்த நாலு பிராணிகளைச் சேர்த்தால் ஒளிவீசும் ‘நியான்’. நாலு நியான் சேர்ந்தால் ‘மெகா’. ஆகப் பதினாறு பிராணி! ஊட்டி, குளிப்பாட்டி, தூங்க வைத்து வளர்க்க வேண்டும். (நம் வீட்டில் ஒன்றுக்கே பெண்டு நிமிர்கிறது.) இவ்வளவு பாடுபட்டும் முத்திரை மாறாது, மதிப்பு மட்டும் ஏறும்.

மாற்றிக்கொள்ளும்போது இரண்டு பேரும் சம்மதம் கொடுத்த பிறகு, மறுபடி ஒருமுறை உறுதி கேட்கும். அந்த இரண்டாவது பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட வேண்டும் என்று இப்போது சொல்லி வைத்திருக்கிறேன். “நீ முதல்ல குடு, அப்புறம் நான் தரேன்” என்று எவனாவது சொன்னால் உடனே வெளியே வந்துவிடணும். பாஸ்வேர்டு யாருக்கும் கிடையாது. அல்ட்ரா ரேரும் லெஜண்டரியும் மாற்ற, ஏமாற்றுகளைப் பற்றி ஒரு சின்னப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணுமாம். மாடு ரேர் என்றாலும், டிராகன் லெஜண்டரி ஆயிற்றே. என் பெண் அதை எப்பவோ பாஸ் பண்ணியிருக்கிறாள்! ஆனால் இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? எதிராளி பொய் ஒன்றும் சொல்லவில்லையே.

“வெறும் படத்துக்கா இப்படி அழறே?” என்று முதலில் நான் அதட்டியதுதான் இன்னமும் உறுத்துகிறது. அண்ணன் கொடுத்ததை விட்டுவிட்டோமே என்றல்லவா குழந்தை அழுதிருக்கிறாள்!

அவன் கோபமெல்லாம் அன்று சாயங்காலமே போய்விட்டது. டிராகனுக்குப் பேர் வைக்கலாமாம். மாட்டுக்கு வைத்திருந்த ‘லட்சுமி’ என்ற பேரையே அதற்கும் வைத்துவிட்டார்கள் இரண்டு பேருமாக.