மலிவு விலையில் பி.எம்.டபிள்யூ. கார்! அவசரப்பட்டு வாங்கினால் "அம்போ" தான்!

சென்னை நகரில் பழைய பி.எம்.டபிள்யூ. கார்களுக்கு இப்போது ஏக கிராக்கி!

புதிதாக வாங்கினால் அரை கோடி ரூபாய்க்கு மேல் எண்ணி வைக்க வேண்டிய "3 சீரிஸ்" கார், பத்து வயதைத் தாண்டிவிட்டால் ஒரு புது சின்னக் காரின் விலைக்கே வந்து நிற்கிறது. கடை முதலாளி முதல் கம்பெனி மானேஜர் வரை பலருக்கும் ஆசை வந்துவிட்டது.

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காரின் விலைதான் இறங்கியிருக்கிறது. அதன் உதிரி பாகங்களின் விலை இறங்கவில்லை! 10 லட்சத்துக்கு வாங்கினாலும் அது 40 லட்ச ரூபாய் கார்தான். பழுது வந்தால் 40 லட்ச ரூபாய் காருக்கு உள்ள பில்தான் வரும்.

பிராவிடண்ட் பண்டு பணத்தையும், மனைவியின் நகையையும் நம்பி இறங்குகிறவர்கள் இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

நம்ம ஊர் கார்!

இந்தக் காருக்கும் சென்னைக்கும் நெருங்கிய உறவு உண்டு.

ஜெர்மனியில் மூனிச் நகரில் உள்ள பி.எம்.டபிள்யூ. நிறுவனம், செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-ம் ஆண்டு மார்ச் மாதம் தொழிற்சாலையைத் திறந்தது. அங்கே முதன்முதலில் பூட்டப்பட்ட கார்களில் ஒன்று இந்த "3 சீரிஸ்".

2015 ஏப்ரலில் கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கர் அந்தத் தொழிற்சாலைக்கே வந்து, என்ஜினையும் கியர் பெட்டியையும் பொருத்துவதில் கை கொடுத்தார். காரில் சேரும் உள்ளூர் பாகங்களை அதிகப்படுத்துவதை ஒட்டி அந்த விழா நடந்தது.

"நம்ம ஊரில் செய்வதுதானே, ஸ்பேர் மலிவாகக் கிடைக்கும்" என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பல பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வருபவை. புதுப்பேட்டையில் தேடினால் பழைய பாகம் சில சமயம் கிடைக்கும். ஆனால் இந்தக் காரின் கம்ப்யூட்டர் பெட்டிகள் சிலவற்றைக் கழற்றி அடுத்த வண்டியில் மாட்டினால் மட்டும் போதாது. அந்த வண்டிக்கு ஏற்றபடி "புரோகிராம்" செய்தால்தான் வேலை செய்யும்.

ஏழு தலைமுறை

1975-ல் பிறந்த இந்தக் கார் இதுவரை ஏழு தலைமுறை கண்டுவிட்டது. ஒவ்வொன்றுக்கும் கம்பெனி வைத்த ரகசியக் குறி உண்டு. மெக்கானிக்குகள் அந்தக் குறியைச் சொல்லித்தான் பேசுவார்கள்.

முதலாவது இ-21. டிரைவரைப் பார்த்துச் சாய்ந்த டாஷ்போர்டு இதன் அடையாளம். அடுத்து 1982-ல் இ-30. பந்தயப் புகழ் பெற்ற எம்-3 இதிலிருந்துதான் பிறந்தது. 1990-ல் இ-36. 1998-ல் இ-46. இவை நம் நாட்டில் அபூர்வம். சேர்த்து வைக்கும் பிரியர்களுக்கு மட்டுமே சரிப்படும். தினம் ஆபீசுக்குப் போய்வர ஏற்றவை அல்ல.

நம்ம ஊர் மார்க்கெட்டில் கைமாறுவது பெரும்பாலும் கடைசி மூன்று தலைமுறைகள்தான்.

2005-ல் வெளிநாட்டில் வந்து, 2007-ல் இங்கே பூட்டத் தொடங்கிய இ-90.

2012 ஜூலையில் இங்கே இறங்கிய எப்-30. அன்று ஆரம்ப விலை 28 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய்.

2019 ஆகஸ்டில் வந்த ஜி-20. ஆரம்ப விலை 41 லட்சத்து 40 ஆயிரம். இதையே 11 சென்டிமீட்டர் நீட்டி, பின் சீட்டில் தாராளமாகக் காலை நீட்டி உட்காரும்படி செய்த "கிரான் லிமோசின்" 2021 ஜனவரியில் வந்தது.

செயின் அறுந்தால் என்ஜின் காலி!

இ-90 காரில் டீசல் வண்டியான 320-டி பார்க்க ராஜா மாதிரி இருக்கும். விலையும் மலிவு. ஆனால் அதில் ஒரு வில்லன் ஒளிந்திருக்கிறான்!

என்-47 என்ற அந்த டீசல் என்ஜினின் "டைமிங் செயின்" முன்பக்கம் இல்லை. பின்பக்கம், கியர் பெட்டியை ஒட்டி இருக்கிறது. 2007 முதல் 2011 வரை செய்த என்ஜின்களில் இந்தச் செயின் சீக்கிரம் தேய்ந்துபோவது உலகம் முழுவதும் தெரிந்த புகார். செயினை மாற்ற வேண்டுமானால் கியர் பெட்டியையோ, என்ஜினையோ கீழே இறக்க வேண்டும். மாற்றாமல் விட்டு அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே நாசம்!

கண்டுபிடிக்க வழி உண்டு. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, என்ஜினின் பின்பக்கம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கரகரவென்று உரசல் சத்தம் கேட்டால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

நீங்கள் போவதற்கு முன்பே யாராவது வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். பானெட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், "நாளைக் காலையில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எப்-30 காரின் ஆரம்பகாலப் பெட்ரோல் வண்டிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. என்-20 என்ற என்ஜினில் செயினுக்கு வழிகாட்டும் பிளாஸ்டிக் துண்டு நொறுங்குவதாக அமெரிக்காவில் வழக்கே நடந்தது. 2015-க்கு முந்திய வண்டிகளில் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

2016-ல் எப்-30 மெருகேற்றப்பட்டு வந்தபோது டீசலில் புது என்ஜின் வைத்தார்கள். பி-47 என்று பெயர். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது இந்த 2016-க்குப் பிந்திய வண்டியைத் தேடுவது புத்திசாலித்தனம். டீசல் வண்டிகளில் புகையைத் திருப்பி அனுப்பும் பகுதியின் "கூலர்" கசிந்து தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால், 2018-ல் கம்பெனி பல நாடுகளில் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அப்படி அழைப்பு இருந்ததா, வேலை முடிந்ததா என்று சேசிஸ் நம்பரைச் சொல்லி டீலரிடம் விசாரிக்கலாம்.

வெள்ளத்தில் குளித்த வண்டி

2015 டிசம்பரில் முடிச்சூர், வேளச்சேரி என்று நகரமே மூழ்கியது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்துபோன காட்சியை ஊரே பார்த்தது.

அந்தக் கார்கள் எல்லாம் எங்கே போயின?

ரிப்பேர் செலவு, இன்சூர் செய்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை "மொத்த நஷ்டம்" என்று கணக்கு முடித்துவிடும். பிறகு அந்த வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் கழுவி, துடைத்து, பாலிஷ் போட்டு மறுபடி சந்தைக்குக் கொண்டுவர வழி இருக்கிறது.

சாதாரணக் கார் என்றால் எப்படியோ ஓடும். பி.எம்.டபிள்யூ. அப்படி இல்லை. இது சக்கரம் வைத்த கம்ப்யூட்டர்! இ-90, எப்-30 கார்களில் பேட்டரியே டிக்கியில்தான் இருக்கிறது. தண்ணீர் பட்ட ஒயர் உடனே சாகாது. ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகச் சாகும்.

ஐந்து நிமிஷத்தில் சோதிக்கலாம்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி குளித்திருக்கிறது!

சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள்.

டிக்கியின் தரை விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். சென்ட் வாசனை தூக்கலாக அடித்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

"டாக்டர் வண்டி சார்!"

புரோக்கர்கள் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "டாக்டர் யூஸ் பண்ண வண்டி சார்! ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பார். நாப்பதாயிரம்கூட ஓடலை!"

மீட்டரைப் பின்னால் ஓட்டுவது இன்று லேப்டாப் வைத்திருப்பவனுக்குக் கை வந்த கலை. ஆனால் இந்தக் காரில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் எழுதப்படுவதில்லை. வேறு பெட்டிகளிலும் பதிவாகிறது. சாவியிலும் பதிவாகிறது!

ஆம். சாவியை டீலரின் சர்வீஸ் மையத்தில் உள்ள கருவியில் வைத்தால், கடைசியாக ஓடிய கிலோ மீட்டரைச் சொல்லிவிடும். மீட்டர் பொய் சொன்னாலும் சாவி சாட்சி சொல்லும்! இரண்டு சாவியும் கேட்டு வாங்குங்கள். "ஒண்ணு தொலைஞ்சு போச்சு சார்" என்றால் உஷார்.

இத்தனை கிலோ மீட்டருக்கு கியர் ஆயில் மாற்றினார்களா என்றும் பில் கேளுங்கள். "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்பார்கள். ஆனால் கியர் பெட்டியைச் செய்யும் இசட்.எப். கம்பெனியே 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோ மீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

டெல்லி நம்பர் பிளேட்

பாதி விலைக்கு வருகிறதே என்று டெல்லி வண்டி வாங்குகிறவர்கள் உண்டு. தலைநகரில் 10 வயது தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதற்கு முத்திரை குத்தியது. 2025-ல் உச்ச நீதிமன்றம் பிடியைத் தளர்த்தினாலும், இடைப்பட்ட காலத்தில் ஏராளமான வண்டிகள் ரயிலும் லாரியும் ஏறி வெளி மாநிலங்களுக்கு வந்துவிட்டன.

மலிவு என்று வாங்கினால், அங்கிருந்து "நோ அப்ஜெக்சன்" சான்றிதழ் வர வேண்டும். இங்கே ஆயுள் வரி புதிதாகக் கட்ட வேண்டும். வண்டி ஓராண்டுக்கு மேல் இங்கேயே இருந்தால் நம்பரையும் மாற்ற வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் சில சமயம் மலிவு காணாமல் போய்விடுகிறது.

ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர்?

போலீஸ் ஸ்டேஷன் படியேற வைப்பது என்ஜின் அல்ல. காகிதம்!

2009-ல் நடந்த ஒரு விபத்து வழக்கு. கார் பல கை மாறியிருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் பழைய பெயர். யார் நஷ்டஈடு கொடுப்பது? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பட்டென்று தீர்ப்புச் சொன்னது: "ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர்!" காரை விற்றுப் பல கை தாண்டியவர் தலையில் விழுந்தது சுமை.

எனவே விற்பவரும் வாங்குபவரும் 29, 30 நம்பர் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாற்றிய பிறகே நிம்மதியாகத் தூங்க வேண்டும். பாங்கி கடன் இருந்தால் 35-ம் நம்பர் படிவமும், பாங்கியின் கடிதமும் அவசியம். திருட்டு வண்டியா என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பார்க்கும் வசதியும் இருக்கிறது.

இன்சூரன்சை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். என்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பு சேர்த்து எடுங்கள். மழைத் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால், சாதாரணப் பாலிசியில் பணம் கிடைப்பது கஷ்டம்.

புதுசா, பழசா?

பணம் இருக்கிறவர்களுக்குப் புதுசில் ஒரு நல்ல சேதி. 2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் பெரிய கார்களுக்கு வரி 40 சதவீதமாக மாறியது. அதற்கு முன் செஸ் உட்பட இந்த ரகக் கார்களுக்கு 48 சதவீதம் வரை போனது. புதுசில் வாரண்டியும் கையில் இருக்கும். ஆனால் ஷோரூம் வாசலைத் தாண்டியதும் முதல் சில வருஷங்களில்தான் விலை தடாலென்று விழும். அந்த விழுக்காட்டை முதல் ஓனர் தலையில் கட்டிவிட்டு, மூன்று நான்கு வயதான ஜி-20 வண்டியைக் கம்பெனி வாரண்டியோடு வாங்குவது நடுவழி.

அதுவும் முடியாதவர்கள் 2016-க்குப் பிந்திய எப்-30 பார்க்கலாம். இ-90 வாங்குகிறவர்களுக்கு நல்ல மெக்கானிக் ஒருவர் கைவசம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாம்.

எதை வாங்கினாலும் ஒரு கணக்கு. கையில் உள்ள பணம் முழுவதையும் காருக்குக் கொடுக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து பாங்கியில் போடுங்கள். அது முதல் வருஷ ரிப்பேருக்கு. ஸ்டெப்னி இல்லாத இந்த ரகக் கார்களில் போடும் "ரன்-பிளாட்" டயர் பஞ்சரானால், 80 கிலோ மீட்டர் வேகத்தில் 80 கிலோ மீட்டர் தூரம் போகலாம். அதற்கப்புறம் டயர் மாற்ற வேண்டி வரும். அந்த ஒரு டயரின் விலையைக் கேட்டாலே தெரிந்துவிடும், இந்தக் கார் நமக்கா, பக்கத்து வீட்டுக்காரருக்கா என்று.

அந்த ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்த பிறகு மீதிப் பணத்துக்கு எந்த வண்டி கிடைக்கிறதோ, அதுதான் உங்கள் வண்டி. அதற்கு மேல் ஆசைப்பட்டால், ஓட்டுவது நீங்கள், சம்பாதிப்பது மெக்கானிக்!